தெருக்குரலுக்குப் பின்னால் ஒரு மலை

2019இல் வெளியான 'தெருக்குரல்' ராப் தொகுப்பை உருவாக்கியவர்கள் இரண்டு பேர். எழுதிப் பாடியவர் அறிவு. தாளமும் ஒலியமைப்பும் ஆஃப்ரோ என்ற பெயரில் இயங்கும் ரோஹித் ஆப்ரகாமுடையவை. படம் ஏதும் இல்லை. ஆகவே பாட்டுக்கு வாயசைக்க ஒரு கதாநாயகனும் இல்லை. சினிமாப் பாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் 'தனிப்பாடல்' என்று ஓரமாக ஒதுக்கிவைத்துப் பழகிய தமிழ்நாட்டில், சாதியையும் குடியுரிமையையும் பற்றி வாதாடும் பாட்டுகள் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவின. பாதி வேலையைத் தலைப்பே செய்துவிட்டது. குறளைத் தெருவில் இறக்கிவிட்ட அந்தப் பெயருக்குத் தமிழ் வாசகருக்கு உரை எழுத வேண்டியதில்லை.

ராப்பில் இருவர் கூட்டு பழைய ஏற்பாடு. ஒருவர் கருவிகளைக் கவனிப்பார், மற்றவர் சொல்லைக் கவனிப்பார். 1987இல் அமெரிக்காவில் எரிக் பி, ராக்கிம் இருவரும் முதல் தொகுப்பைக் கொண்டுவந்தபோது இந்த வேலைப் பிரிவினை ஏறக்குறைய இலக்கணமாகவே ஆகியிருந்தது. அறிவு - ஆஃப்ரோ கூட்டிலும் அது தெளிவாகத் தெரிகிறது. பாட்டின் எடை முழுவதும் சொல்மேல் இருக்கிறது. எதுகையையும் மோனையையும் விடாமல் பிடித்துக்கொண்டு, மேடைப் பேச்சின் வேகத்தில் வாதத்தை அடுக்குவது அறிவின் பாணி. திராவிட இயக்க மேடைகளைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது அந்நியமாகப் படாது. ராப் தமிழில் வேரூன்றியதற்குப் பலர் பல காரணங்கள் சொல்கிறார்கள். அடுக்குமொழிக்குக் கைதட்டிப் பழகிய கூட்டம் ஏற்கெனவே இங்கே தயாராக இருந்தது என்பதையே நான் முதல் காரணமாகச் சொல்வேன்.

இந்தத் தொகுப்பைப் பற்றிய பேச்சில் வழக்கமாக இரண்டு ஊர்கள் வரும். வடிவம் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியிலிருந்து வந்தது, கோபம் சென்னையிலிருந்து வந்தது என்பார்கள். மூன்றாவதாக நீலகிரியையும் சேர்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். இருவரும் நீலகிரிக்காரர்கள் அல்லர். அறிவுக்கு அரக்கோணம், ஆஃப்ரோவுக்குச் சென்னை. ஆனால் தொகுப்பு கிளப்பும் கேள்விகள் இரண்டு. இந்த மண்ணில் பூர்வகுடி யார்? அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு? அமைப்பாகத் திரண்டு அந்தக் கேள்விகளைக் கேட்ட ஊர்களில் உதகைக்கு முக்கியமான இடம் உண்டு. அதே கேள்விகளுக்கு இந்தியாவும் இலங்கையும் சரியாகப் பதில் சொல்லாததால் கப்பலேறி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இன்று கொழுந்து பறிக்கும் இடமும் அந்த மலைதான்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1994இல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' பாட்டோடு அந்தச் சொல் தமிழ்நாட்டின் வீடுகளுக்குள் வந்தது. அங்கே அது ஒரு வேடிக்கை. தமிழிலேயே யோசித்து எழுதப்பட்ட முழு ராப் தொகுப்பு மலேசியாவிலிருந்து வந்தது. பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடிய பொயட்டிக் அம்மோ குழுவில் இருந்த யோகி பி, நட்சத்ரா குழுவோடு சேர்ந்து 2006இல் 'வல்லவன்' தொகுப்பைக் கொண்டுவந்தார். இளையராஜாவின் 'மடை திறந்து' பாட்டை எடுத்து அவர்கள் செய்த மறுவடிவம் கடல் தாண்டி இங்கேயும் ஒலித்தது. ரப்பர் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களின் வழித்தோன்றல்கள்தான் மலேசியத் தமிழர்களில் பெரும்பான்மையோர் என்பதை இந்த இடத்தில் குறித்துவைத்துக்கொள்வோம்.

பிறகு கோவை. ஆதியும் ஜீவாவும் 'ஹிப்ஹாப் தமிழா' என்ற பெயரில் சேர்ந்து 2012இல் 'ஹிப் ஹாப் தமிழன்' தொகுப்பை வெளியிட்டார்கள். அதற்கு முன்பே 'கிளப்புல மப்புல' பாட்டு வானொலியிலும் இணையத்திலும் காட்டுத்தீயாகப் பரவியிருந்தது. குடிக்கும் நகரத்துப் பெண்களைக் கண்டிக்கும் அந்தப் பாட்டைப் பெண்களை இழிவுபடுத்துவதாகச் சொல்லிக் கண்டித்தவர்களும் உண்டு. அந்தக் கண்டனத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் படத்தின் துணையில்லாமல் ஒரு ராப் இரட்டையர் தமிழ்நாட்டில் பெயர் வாங்க முடியும் என்பதை முதலில் காட்டியவர்கள் அவர்கள். 2015இல் 'ஆம்பள' படத்துக்கு இசையமைத்துத் திரைக்குள் நுழைந்தபின் அவர்களுடைய கதை வேறு தடத்தில் போய்விட்டது. தமிழன் என்ற பெருமிதமே அவர்களுடைய முதல் தொகுப்பின் அடித்தளம். ஏழு ஆண்டு கழித்து வந்த 'தெருக்குரல்' அந்தத் தளத்தையே கிளறிப் பார்த்தது. தமிழன் என்றால் ஊரில் இருப்பவனா, சேரியில் இருப்பவனா என்று அது கேட்டது.

தொகுப்பில் அதிகம் பேசப்பட்ட பாட்டு 'ஆன்டி இந்தியன்'. அப்போது அரசியல் மேடைகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் எதிர்க்கருத்து சொல்பவர்மீது தாராளமாக ஒட்டப்பட்ட பட்டம் அது. பட்டம் கொடுத்தவரிடமே பாட்டு கணக்குக் கேட்கிறது: நீ எப்போது வந்தாய், நான் எப்போதிலிருந்து இங்கே இருக்கிறேன்? 'கள்ளமௌனி' என்ற இன்னொரு பாட்டு அநீதியைக் கண்டும் வாயை மூடிக்கொண்டிருப்பவர்களைச் சாடுகிறது. இரண்டில் முந்தையதே வலுவானது என்பேன். மௌனத்தைத் திட்டுவது எளிது. குடியுரிமையை வரலாற்று வழக்காக மாற்றி மூன்று நான்கு நிமிடத்தில் வாதாடி முடிப்பது எளிதல்ல.

இந்த வாதத்தை அறிவு தனியாக உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் நடத்திய நிகழ்ச்சியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதன்முதலாக மேடையேறியது. இசையமைப்பாளர் டென்மா ஒருங்கிணைத்த அந்தக் குழுவில் 19 பேர். கானா பாடகர்கள், பறையும் சட்டியும் அடிப்பவர்கள், ராப் பாடுபவர்கள் எல்லாரும் இருந்தார்கள். அறிவின் குரல் பரவலாக அறிமுகமானது அங்கேதான். குழுவின் பெயர் தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் புழங்கிய 'சாதியற்ற தமிழர்' என்ற சொல்லாட்சியிலிருந்து எடுக்கப்பட்டது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் உதகைக்குப் போய்ச் சேருவோம்.

1845இல் பிறந்த அயோத்திதாசரின் இளமையில் பெரும் பகுதி நீலகிரியில் கழிந்தது. அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்ற ஆங்கிலேயரிடம் பட்லராக இருந்தவர். குடும்பத்திடம் இருந்த திருக்குறள் சுவடியைக் கந்தப்பன் ஆரிங்டனிடம் கொடுத்தார் என்றும், அவர் வழியாக அது தமிழறிந்த ஆங்கில அதிகாரி எல்லிஸ் துரையின் கைக்குப் போனது என்றும் அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். குறள் பதிப்பு வரலாற்றில் இந்தச் செய்திக்கு எவ்வளவு எடை என்பது ஆய்வாளர்களின் வழக்கு. 1812இலேயே குறள் மூலம் அச்சில் வந்துவிட்டது. ஆனால் குறள் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து வந்தது என்று ஒரு பட்லரின் பேரன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியதும், தன் ராப் தொகுப்புக்குத் 'தெருக்குரல்' என்று ஒரு தோட்டத் தொழிலாளியின் பேரன் 2019இல் பெயர் வைத்ததும் ஒரே உரிமைக் குரலின் இரண்டு தவணைகள்.

1870களில் நீலகிரியில் அத்வைதானந்த சபையைத் தொடங்கிய அயோத்திதாசர், 1891இல் திராவிட மகாஜன சபையை நிறுவி, டிசம்பர் 1 அன்று அதன் முதல் மாநாட்டை உதகையில் கூட்டினார். ஏன் உதகை? கோடைக் காலங்களில் மாகாண அரசாங்கமே மலையேறிவிடும் ஊர் அது. அரசாங்கத்தோடு சமையல்காரர்கள், பட்லர்கள், ஆயாக்கள், குதிரைக்காரர்கள், துப்புரவுத் தொழிலாளர்கள் எல்லாரும் ஏறினார்கள். காப்பித் தோட்டங்களும் சின்கோனாத் தோட்டங்களும் சமவெளியின் ஒடுக்கப்பட்ட சாதியினரைக் கூட்டம் கூட்டமாக இழுத்துக்கொண்டிருந்தன. ஊர், சேரி என்ற பழைய வரைபடம் அப்படியே மேலேறி வரவில்லை. ரொக்கக் கூலி இருந்தது, கொஞ்சம் படிப்பு இருந்தது, துரைமார் வீட்டுச் சமையலறையில் அரசியல் செய்தி காதில் விழுந்தது. அயோத்திதாசரின் மைத்துனரான இரட்டைமலை சீனிவாசனும் சென்னைக்குப் போய் 'பறையன்' இதழைத் தொடங்கும் முன் சில ஆண்டுகள் உதகையில் ஐரோப்பிய வணிக நிறுவனத்தில் கணக்கராக இருந்தவர்தான். 20ஆம் நூற்றாண்டுத் தலித் அரசியலின் இரண்டு முக்கியத் தலைகளும் ஒரே மலையில் பயிற்சி பெற்றதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியவில்லை.

மாநாடு நடந்தபோது மலை ரயில் கிடையாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் வந்தது 1899இல்; உதகைக்கு 1908இல். கீழேயிருந்து வந்தவர்கள் மலைப்பாதையில் வண்டியிலோ நடந்தோதான் ஏறியிருக்க வேண்டும். அங்கே 10 தீர்மானங்கள் நிறைவேறின. சாதிப்பெயரை வசையாகப் பயன்படுத்துவதைச் சட்டப்படி தண்டிக்க வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளியும் உதவித்தொகையும் வேண்டும், சிறையில் இழிவான வேலைகளைச் சாதி பார்த்து ஒதுக்கும் விதியை நீக்க வேண்டும், பொதுக் கிணறுகளிலும் குளங்களிலும் தண்ணீர் எடுக்கத் தடை கூடாது என்பவை அவற்றில் சில. 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையில் பாடப்பட்டவற்றை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தால், 127 ஆண்டில் எது தீர்ந்தது, எது தீரவில்லை என்பது பளிச்சென்று தெரியும்.

இந்த வரலாறு 2018இல் ஒரு இசைக்குழுவின் கையில் கிடைத்ததற்குப் பின்னால் ஒரு பதிப்பாசிரியரின் உழைப்பு இருக்கிறது. 1907இல் அயோத்திதாசர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழின் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் திரட்டி, 1999இல் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகளாகப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்டது. அந்தத் தொகுதிகள் இல்லையென்றால் அந்தப் பெயரில் ஒரு குழு அமைந்திருக்காது. ராப் இசையின் சங்கிலியில் கல்லூரி வெளியீடு ஒன்றும் ஒரு கண்ணி. இசை இதழ்களின் விமர்சனங்களில் இது இடம்பெறாது.

மலையின் இரண்டாவது கதை தேயிலையுடையது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, பின் தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர். அறிவே பல இடங்களில் இதைச் சொல்லியிருக்கிறார். தமிழகத்தின் நிலமற்றவர்கள் ஆள்சேர்த்த கங்காணிகளின் பின்னால் மன்னார் வழியாக நடந்து போய் முதலில் காப்பியிலும் பிறகு தேயிலையிலும் உழைத்தார்கள். 1948இல் சுதந்திர இலங்கை நிறைவேற்றிய குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது கணக்கு 9,75,000 பேர். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். 1974இல் அந்த மீதியையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். யாருக்கு எந்த நாடு என்று அந்த மக்களைக் கூட்டிவைத்து யாரும் பேசவில்லை.

தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம் கப்பல், அங்கிருந்து மண்டபம் முகாம், பிறகு அரசு கைகாட்டிய இடம். அப்படிக் காட்டப்பட்ட இடங்களில் பெரியது நீலகிரி. இவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968இல் தமிழ்நாடு அரசு வனத்துறையின் கீழ் தேயிலை நடத் தொடங்கியது. 1976இல் அது 'டேன்டீ' என்று எல்லாரும் சொல்லும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. தலைமையகம் குன்னூர், தோட்டங்கள் கோத்தகிரி, குன்னூர், நடுவட்டம், சேரம்பாடி, சேரங்கோடு, நெல்லியாளம், கொளப்பள்ளி என்று மலையின் இரண்டு பக்கமும் பரவின. அரசாணையில் அவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. கூடலூர்க் கடைவீதியில் 'சிலோன்காரங்க'. இலங்கையின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'இந்தியத் தமிழர்'. 2011 கணக்கெடுப்புப்படி நீலகிரி மாவட்ட மக்களில் பட்டியல் சாதியினர் மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறார்கள். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று. அதற்கு இந்தக் குடியேற்றம் ஒரு முக்கியக் காரணம்.

அங்கே இந்தியன், இங்கே சிலோன்காரன். இப்படிப்பட்ட குடும்பத்தில் வந்தவரைப் பார்த்து யாரோ 'ஆன்டி இந்தியன்' என்றால் அவருக்கு என்ன தோன்றும்? அந்தப் பாட்டின் சூடு அந்த ஆண்டின் அரசியலிலிருந்து மட்டும் வந்ததல்ல என்று நான் நினைப்பது இதனால்தான். 'தெருக்குரல்' வெளியான அதே 2019இன் ஜூன் மாதத்தில், முகாம்களில் பல பத்தாண்டுகளாக அகதிகளாகவே இருந்த இலங்கை மலையக வம்சாவளியினர் 65 பேரின் குடியுரிமை வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பு சொன்னது. இவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகளாக நினைக்காமல் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வேண்டும் என்பது அதன் சாரம். டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. அதன் பட்டியலில் இருந்த மூன்று நாடுகளில் இலங்கை இல்லை. 2020 ஜனவரியில் அறிவும் ஆஃப்ரோவும் 'சண்ட செய்வோம்' பாட்டை வெளியிட்டார்கள். அந்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டக் களங்களில் அது முழக்கமாகவே ஆனது. தொகுப்பு அலசிய கேள்வி சீக்கிரமே தெருவில் வந்து நின்றுவிட்டது.

ஹிப் ஹாப்பின் பிறப்புக் கதையிலும் தோட்டம் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்க்ஸில் தங்கையின் விருந்துக்கு இசைத்தட்டுகளைச் சுழற்றி அந்தக் கலையைத் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் டிஜே கூல் ஹெர்க், 1967இல் ஜமைக்காவிலிருந்து வந்த சிறுவன். பெரிய ஒலிபெருக்கிகளைத் தெருவில் அடுக்கி, இசைக்கு மேல் பேசிக்கொண்டே போகும் வழக்கம் கிங்ஸ்டனில் ஏற்கெனவே இருந்தது. கரும்புத் தோட்ட அடிமைகளின் வழித்தோன்றல்களின் தீவு அது. ரப்பர்த் தோட்டத்தின் பேரப்பிள்ளைகள் கோலாலம்பூரிலும் தேயிலைத் தோட்டத்தின் பேரன் அரக்கோணத்திலும் இந்தக் கலையைக் கைப்பற்றியதை வெறும் மேற்கத்திய மோகம் என்று சொல்பவர்கள், கலையின் ஊரை மட்டும் பார்க்கிறார்கள். அது புறப்பட்ட இடத்தைப் பார்ப்பதில்லை.

தோட்டத்துக்கென்று ஒரு தாளமும் இருந்தது. இலங்கைத் தோட்டங்களில் விடியுமுன் லயம் எனப்படும் வரிசை வீடுகளை எழுப்பி, பிரட்டு என்ற காலை ஆள்கணக்குக்கு அழைத்தது தப்பு. சாவுக்கும் காமன் கூத்துக்கும் அடித்ததும் அதே தப்புதான். வேலைக்கு விரட்டிய கருவியே ஆடவும் அழவும் துணை நின்றது. நிர்ணயித்த கிலோ பறிக்காதவளுக்கு அன்று அரைப் பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான். தாலாட்டும் ஒப்பாரியும் கங்காணியை ஏசும் பாட்டுமாகப் பெண்கள் பாடியவற்றில் ஒரு பகுதியை மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று தொகுத்தார். நீலகிரியின் பழங்குடிகளிடமும் இதுபோன்ற ஒரு கதை உண்டு. படகர் வீட்டுச் சாவுகளுக்குக் குழலும் தப்பட்டையும் வாசித்தவர்கள் கோத்தர்கள். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்த உறவு பிணக்கில் முறிந்தது. மேளம் அடிப்பவனுக்கு மரியாதை இல்லாத மேளம் எத்தனை நாள் ஒலிக்கும்?

2021 மார்ச் 7 அன்று வந்த 'என்ஜாய் எஞ்சாமி' இந்தப் பின்னணியைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. அறிவும் பாடகி தீயும் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரித்து, ஏ.ஆர். ரகுமானின் துணையோடு தொடங்கப்பட்ட மாஜா தளம் வெளியிட்டது. அமித் கிருஷ்ணன் இயக்கிய காணொளியில் வள்ளியம்மாளே அரியணையில் வந்து உட்கார்ந்தார். ஒப்பாரியின் நடையை எடுத்துக்கொண்டு, உழைத்தவர்களுக்கு நிலம் இல்லாமல் போன கதையை அது கொண்டாட்டமாகச் சொன்னது. கல்யாண மண்டபங்களிலும் கல்லூரி விழாக்களிலும் ஆடினார்கள். யூடியூபில் அதைப் பார்த்த எண்ணிக்கை சில ஆண்டுகளில் 50 கோடியை நெருங்கியது. 'தெருக்குரல்' கேட்ட கேள்விகளை விரும்பாதவர்களும் இதற்கு ஆடினார்கள் என்பது என் கணிப்பு. வாதமாகச் சொன்னபோது எரிச்சல்பட்ட கூட்டம், பாட்டியின் கதையாகச் சொன்னபோது உருகியது. இது வெற்றியா, நீர்த்துப்போனதா? கலைக்கு வெற்றி என்பேன். அரசியலுக்கு என்று கேட்டால் தயங்குவேன்.

பிறகு பெயர்ப் பிரச்சினை. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும் கனடாத் தமிழ் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டபின், அறிவுக்குத் தனியாக ஒரு இணைய அட்டை வந்தது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டைத் தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்தார். சில நாளில் அவர் இன்ஸ்டாகிராமில், மெட்டும் சொல்லும் நானே உருவாக்கியவை, ஏறக்குறைய ஆறு மாதம் தூக்கமின்றி உழைத்தேன் என்ற பொருளில் எழுதினார். மூவரின் கூட்டு உழைப்பு அது, வருமானத்திலும் உரிமையிலும் மூவருக்கும் சமபங்கு என்று சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். 2024 மார்ச்சில் அவரே காணொளி ஒன்றில், அந்தப் பாட்டிலிருந்து மூவரில் யாருக்கும் ஒரு ரூபாய்கூட வரவில்லை என்றார். அது அவர் தரப்பு. 'தெருக்குரல்' இருவர் கூட்டாக இருந்தவரை இந்தக் குழப்பம் எழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சொல் ஒருவர், ஒலி ஒருவர் என்ற எளிய கணக்கு, தளமும் தயாரிப்பும் அட்டைப்படமும் சேர்ந்தவுடன் சிக்கலாகிவிட்டது.

அந்தச் சர்ச்சை அடங்குவதற்குள், 2022 அக்டோபரில், நீலகிரியில் வேறொரு கணக்கு நடந்தது. நட்டத்தில் ஓடிய டேன்டீயின் நிலத்தில் 2,152 ஹெக்டேரை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைக்க அரசு ஆணையிட்டது. வேலை போய்விடுமோ என்று தோட்டங்களில் கலக்கம் எழுந்தது, எதிர்க்கட்சிகள் கண்டித்தன, தொழிலாளர் நலன் பாதிக்கப்படாது என்று அரசு விளக்கியது. ஓய்வுபெற்றால் லைன் வீட்டைக் காலிசெய்ய வேண்டும் என்பது தோட்டத்தின் பழைய விதி. அரை நூற்றாண்டு ஒரே தோட்டத்தில் பறித்தவருக்கும் அந்த வீட்டுக்குப் பட்டா கிடையாது. ஏறக்குறைய 'என்ஜாய் எஞ்சாமி'யின் கதை அப்படியே அங்கே நடந்துகொண்டிருந்தது. அட்டைப்படத்தில் பெயர் விடுபட்டதற்கு எழுந்த பேச்சில் கால்பங்குகூடச் சேரம்பாடிக்காக எழவில்லை.

ஆனால் இதே மலை, அறிவின் வாதத்திடமும் ஒரு கடினமான கேள்வியைக் கேட்கிறது. டேன்டீ தோட்டங்கள் வன நிலத்தைத் திருத்தி உண்டானவை. கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் அந்தக் காட்டில் பணியர்களும் காட்டுநாயக்கர்களும் குறும்பர்களும் இருந்தார்கள். பூர்வகுடி யார் என்ற கேள்வியை அரக்கோணத்திலோ சென்னையிலோ கேட்டால் ஒரு பதில் கிடைக்கும். பந்தலூரில் கேட்டால் அதே வாயிலிருந்து வேறு பதில் வரும். இலங்கையிலிருந்து துரத்தப்பட்ட நிலமற்றவரை, தன் காட்டை இழந்த இன்னொருவரின் மண்ணில் அரசு கொண்டுவந்து நட்டது. இருவருக்கும் பட்டா இல்லை. 'தெருக்குரல்' இந்த முடிச்சைத் தொடவில்லை. அது தொட்டிருக்க வேண்டும் என்று வாதிடவும் மாட்டேன். ஆனால் அடுத்த தொகுப்பு ஒன்று இந்த மலையிலிருந்தே, பணியர் வீட்டுப் பிள்ளையும் சிலோன்காரர் வீட்டுப் பிள்ளையும் சேர்ந்த இரட்டையரிடமிருந்து வந்தால், அதன் முதல் பாட்டு இதைப் பற்றித்தான் இருக்க வேண்டும்.

2024இல் அறிவு 'வள்ளியம்மா பேராண்டி' தொகுப்பைக் கொண்டுவந்தார். பாட்டியின் பெயர் இப்போது தலைப்பிலேயே வந்துவிட்டது. குரல் இன்னும் பேரனுடையதுதான். கப்பலேறும்போது இளம்பெண்களாக இருந்தவர்கள் இப்போது எழுபதைத் தாண்டியவர்கள். கோத்தகிரியிலும் கொளப்பள்ளியிலும் அவர்களோடு வந்த பாட்டுகள் இருக்கின்றன. யாரும் எழுதாத நாட்டுப்பாட்டுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் உரிமையாளர் இல்லை. பாடுபவருக்கு மட்டும் நிகழ்த்துநர் என்ற முறையில் உரிமை உண்டு. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்கு ஊதியப் பங்கையும் சேர்த்தது. நாளை யாராவது ஒலிப்பதிவுக் கருவியோடு அந்த லைன் வீடுகளுக்குப் போனால், கருவியை இயக்கும் முன்பே பாடுகிறவரின் பெயரும் பங்கும் எழுதிய தாளில் அவரிடம் கையெழுத்து வாங்கி, அதன் நகல் ஒன்றை அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும்.